பக்கத்து வீட்டுக் கைப்பிடிகள்

பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகக் கறுப்பு பூசிய அறிவாளி நான். ஒரே வாரத்தில் என் அலமாரிக் கைப்பிடிகள் தேமல் வந்ததுபோல் உரிந்தன.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் என் பக்கத்து வீட்டுக்காரர் கப்பல் பட்டறைத் தொழிலாளி, ஒல்லியானவர். தம் கைப்பிடிகளை பழைய சட்டியில் ஆப்பச்சோடா போட்டு வேகவைத்ததை ஜன்னல் வழியே ஒளிந்து பார்த்தேன். பழைய பெயின்ட் தோலாகக் கழன்றது. உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொன்றையும் கன்னத்தில் உரசிப் பார்த்த பிறகே கறுப்பு பூசினார். தாழ்வாரக் கொடியில் காய்ந்தவற்றை என் மனைவி நின்று ரசித்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"கம்பெனி பெயின்ட்டா தம்பி? கப்பலுக்கு அடிக்கிறதுன்னா மின்னத்தான் செய்யும் லா," என்றேன், அவள் காதில் விழும்படி.

அவர் கொடியிலிருந்து ஒரு கைப்பிடியைக் கழற்றினார்.

"நீங்க வேண்டாம்னு லிஃப்ட்கிட்ட வச்சிட்டுப் போன டின்தாண்ணே."