பயன்பாடு இல்லை என்றது பட்டியல்

‘வரிசை எண் 14. மழைப் பதிவேடு, ஏழு தொகுதிகள். பயன்பாடு: இல்லை. பரிந்துரை: நீக்கலாம்.’

எங்கள் நூலக அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்த தாளில் இப்படி ஒரு வரி. ஜூன் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை தேதி போட்டு, கீழே நூலகர் கையெழுத்து. நான் படித்தது மறுநாள் செவ்வாய், காலை பத்தே கால் மணிக்கு.

பயன்பாடு இல்லையா? ஒன்பது வருஷமாக ஒவ்வொரு செவ்வாயும் அதே பதிவேட்டைப் புரட்டுகிற ஒருவன் பலகைக்கு முன்னால் நிற்கிறேனே... நான் எந்தக் கணக்கில் சேர்த்தி?

என் கிறுக்கு உங்களில் பலருக்குத் தெரியும். குற்றாலத்தில் எந்த வருஷம் சாரல் எந்தத் தேதியில் இறங்கியது, அருவியில் எப்போது தண்ணீர் விழத் தொடங்கியது — இதையெல்லாம் ஆண்டுவாரியாக எழுதி வைக்கிறேன். அதற்கு ஆதாரம் இந்த ஏழு தொகுதிகள்தான். மலையில் ஓர் எஸ்டேட்டில் தினமும் காலையில் மழையை அளந்து கையால் எழுதிய ஏடுகள். எஸ்டேட் கைமாறியபோது யாரோ ஒரு புண்ணியவான் அவற்றைக் கொண்டுவந்து இங்கே கொடுத்தார். வேறு பிரதி கிடையாது. வெளியே போனால் நேரே பழைய பேப்பர் கடைதான்.

நூலகம் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறது. இரண்டே அறை. முன்னறையில் செய்தித்தாள் மேசையும் நூலகர் மேசையும் ஒரு கம்ப்யூட்டரும். பின்னறையில் அலமாரிகள், ஒரு வாசிப்பு மேசை, என் நாற்காலி. நூலகர் செய்யது பாத்திமா பொறுப்பேற்று நாலு வருஷம் ஆகிறது.

விறுவிறுவென்று அவர் மேசைக்குப் போனேன். மனசுக்குள் அறக்கட்டளைத் தலைவருக்கு ஒரு புகார்க் கடிதம் பாதி தயாராகியிருந்தது.

“வாங்க சார். பலகையைப் பாத்துட்டுத்தான வாரிய?” என்றார் பாத்திமா.

“பதினாலாம் நம்பர். பயன்பாடு இல்லைன்னு எப்படிம்மா எழுதுனிய? அது இரவல் கொடுக்காத புத்தகம். எவன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பான்?”

“இரவல் கணக்கைப் பாத்து எழுதல சார்.” ஒரு நீள நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். “மூணு மாசம் எண்ணியிருக்கேன். சாயங்காலம் பூட்டுறதுக்கு முன்னால மேசையில கிடக்கிற ஒவ்வொரு புக்குக்கும் ஒரு டிக் போட்டுட்டுத்தான் அலமாரியில வைப்பேன். உங்க மழை ஒரு நாள் கூட மேசையில கிடக்கல.”

“எப்படிக் கிடக்கும்? நான் எடுத்த இடத்துலயே வச்சிட்டுல்லா போவேன்.”

பாத்திமா என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். நானும் திரும்பினேன்.

‘படித்த நூல்களை மேசையிலேயே வைத்துச் செல்லவும்.’

அந்த வாசகத்தை நான் பார்க்காதவன் இல்லை. வாரா வாரம் பார்க்கிறவன். ஆனால் அது வேறு யாருக்கோ எழுதியது என்றுதான் இருந்தேன். கதைப் புத்தகத்தைக் கணக்குப் புத்தகத்துக்கு நடுவே செருகுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு. எனக்கா? மூன்றாம் தொகுதியை இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே, முதுகு ஒரே கோட்டில் நிற்கும்படி வைத்துவிட்டுப் போகிற எனக்கா?

“நீங்க உள்ள உக்காந்து உங்க நோட்டுலதான் என்னமோ எழுதுதியன்னு நெனச்சேன் சார்” என்றார் பாத்திமா மெதுவாக.

செய்தித்தாள் மேசையிலிருந்து ஒரு குரல். “நல்லா மாட்டுனேரு வே. ரொம்ப ஒழுங்கா இருந்தா இப்படித்தான்.” சுடலைமுத்து அண்ணாச்சி. ஓய்வுபெற்ற கண்டக்டர். குத்துக்கல்வலசையிலிருந்து தினமும் பேப்பர் படிக்க வருகிறவர். டிக்கெட் கிழித்த காலத்திலிருந்தே அடுத்தவர் பேச்சில் இறங்கி ஏறுவது அவருக்குப் பழக்கம்.

பாத்திமா இழுப்பறையைத் திறந்து ஒரு தடித்த ஸ்பைரல் பைண்டிங்கை எடுத்து என் கையில் வைத்தார். “இதைப் படிங்க சார். பொறவு வந்து சண்டை போடுங்க. பட்டியலை முடிவு பண்ற அறக்கட்டளைக் கமிட்டி அடுத்த வாரம் சனிக்கிழமைதான் கூடுது.”

வீட்டுக்குப் போய்ப் பிரித்தேன். நூலகர்கள் படிப்பதற்கான ஆங்கிலக் கையேடு. ஜெராக்ஸ் பிரதி. அலமாரியில் எதை வைப்பது, எதை எடுப்பது... உள்ளேயே உட்கார்ந்து படிப்பதை எப்படி எண்ணுவது... ஒரு நூலை நீக்கும் முன் வாசகர்களிடம் எப்படிச் சொல்வது... சொந்தமாகப் படிக்க இடமில்லாத வீட்டிலிருந்து வருகிறவருக்கு எந்த மூலையை ஒதுக்குவது... எல்லாவற்றுக்கும் ஓர் அத்தியாயம். ஓரங்களில் பென்சிலால் பாத்திமாவின் தமிழ்.

ஒரு பக்கத்தில், ‘இது வெளியூர்க் கதை. சீசன்ல நம்ம ஊர்ல? ஈரக் கையோட வாராங்க. வாசல்ல துண்டு?’

எனக்குச் சுருக்கென்றது. நூலக வாசலில் ஆணியில் ஒரு துண்டு தொங்குகிறது. சாரல் நாட்களில் ரெண்டு வருஷமாக அதில்தான் கை துடைத்துவிட்டு உள்ளே போகிறேன். அது ஒருவர் யோசித்து மாட்டியது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

இன்னொரு பக்கத்தில், ‘பாஸ்போர்ட் பாரம், விசா பாரம் – கேக்க வாரது பூரா பெண்கள். பதினொரு மணிக்கு மேலதான் அவங்களுக்குச் சமையல் முடியும்.’ பதினொன்றரைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் ஏன் அவ்வளவு பெண்கள் காத்திருக்கிறார்கள் என்று அதுவரை சலித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் துபாயிலும் தம்மாமிலும் இருக்க, இங்கே பாரம் நிரப்பத் துணை தேடி வந்தவர்கள் அவர்கள்.

டாக்டர் படிக்கிறார் என்றால் நம்புகிறோம். வக்கீல் அறையில் வரிசையாகச் சட்டப் புத்தகம் இருந்தால் மரியாதையோடு பார்க்கிறோம். இத்தனை புத்தகத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நூலகர், தன் வேலையைச் செய்யவும் தனியாகப் படிக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்கிறதா? சாவியும் முத்திரையும் இருந்தால் போதும் என்றுதானே நினைத்தோம்? ஒன்பது வருஷம் போய்வந்த எனக்கே தோன்றவில்லை.

புதன்கிழமை காலை முதல் ஆளாகப் போனேன். சண்டை போட அல்ல.

“என் நோட்டுல நான் படிச்ச ஒவ்வொரு தேதியும் இருக்கும்மா. தொகுதி, பக்கம் எல்லாம். கமிட்டியில காட்டுவோமா?”

“அது உங்க ஒருத்தர் கணக்கு சார். ‘ஒரே ஆளுக்காக ஒரு தட்டையே விட்டு வைக்கவா’ன்னு கேப்பாங்க. நான் அந்தத் தட்டைக் குரூப் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கேட்டிருக்கேன். தரையில உக்காந்து படிக்குதுக, நீங்களே பாக்கியல்லா.”

பார்க்கிறேன். அவர்களைத் தாண்டித்தான் என் நாற்காலிக்குப் போகிறேன்.

“ஒண்ணு செய்வோம்” என்றார் பாத்திமா. “கமிட்டிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. ஏழையும் எடுத்து முன்னறை மேசையில போடுங்க. யாராவது தொட்டா தொடட்டும். தொடலேன்னா நானும் ஒண்ணும் செய்ய முடியாது சார்.”

ஏழையும் சுமந்துபோய்ச் செய்தித்தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். வரிசையாக அடுக்காமல் வைத்தேன் — அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

முதலில் தொட்டவர் சுடலைமுத்து அண்ணாச்சி. தன் கல்யாணத்தன்று கொட்டிய மழையில் பந்தலே சாய்ந்தது என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறவர். மழையே இல்லை, பந்தல் கட்டியதுதான் சரியில்லை என்பது அவர் மனைவியின் கட்சி. அண்ணாச்சி இரண்டாம் தொகுதியைப் புரட்டினார். அந்தத் தேதிக்கு நேரே ‘மழை இல்லை’ என்று தெளிவாக எழுதியிருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “ஏம்மா பாத்திமா, இந்தப் புஸ்தகத்தைப் பேசாம கழிச்சு விட்டுருங்க.”

“ஏன் அண்ணாச்சி?”

“மலையில அளந்துருக்கான். எங்க ஊர்ல பெய்ஞ்சது இவனுக்கு எப்படித் தெரியும்?”

நியாயமான ஆட்சேபம்தான். என் நோட்டிலும் குறித்துக்கொண்டேன். பாத்திமா சிரிக்காமல் இரண்டாம் தொகுதிக்கு ஒரு டிக் போட்டார்.

அந்த வியாழனும் வெள்ளியும் சனியும் ஆலங்குளத்தில் ஒரு கல்யாண வீடு. பந்தியிலும் எனக்கு மழை ஏடுகள் நினைப்புதான். அதன் பிறகும் வேண்டுமென்றே போகாமல் இருந்தேன். நானே டிக் வாங்கினால் அது என்ன கணக்கு?

கமிட்டி முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமைதான் போனேன். வாசலில் கை துடைத்தேன், நன்றியோடு. பாத்திமா என்னைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். “இருக்கும் சார். உங்க மழை எங்கயும் போகாது. கீழ்த்தட்டுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. மேல்தட்டு பிள்ளைகளுக்கு.”

பட்டியலில் மீதி இருந்தவை போய்விட்டன. போனால் என்ன? பெரும்பாலும் காலாவதியான கைடுகள். அவை இருந்த இடத்தில் புதுப் பாட நூல்கள் வந்துவிட்டன. பின்னறையில் ஒரு பெண் என் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் முன்னறையில் உட்கார்ந்தேன்.

கமிட்டிக்குக் கொடுத்த தாளை பாத்திமா காட்டினார். அண்ணாச்சியின் ஒற்றை டிக். அதற்குக் கீழே நான்காம் தொகுதிக்கு நேராக டிக்குகள் — வியாழன், வெள்ளி, மறுபடி திங்கள், செவ்வாய். நான் எட்டிப் பார்க்காத நாட்கள்.

“யாரும்மா அது?”

“சொல்லக்கூடாது சார்.”

“எனக்கு மட்டும் சொல்லுங்களேன். என் குறிப்புக்குத்தான்.”

“யார் என்ன படிக்காங்கன்னு நூலகர் வெளியில சொல்லக்கூடாது. நாளைக்கு ஒருத்தர் வந்து உங்களைப் பத்திக் கேட்டா சொல்லிரவா?”

“தாராளமா சொல்லுங்க. எனக்கென்ன?”

“உங்களுக்கு ஒண்ணுமில்ல சார். அவங்களுக்கு இருக்கலாம்லா?”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இதை எழுதும் முன் அண்ணாச்சியிடமும் முறைப்படி அனுமதி வாங்கினேன். “எழுதும் வே. ஆனா மழை பெய்ஞ்சதுன்னு எழுதும்” என்றார். போகிற போக்கில், “அந்த நாலாம் புஸ்தகத்தைப் படிச்சது பாத்திமாவாத்தான் இருக்கும்” என்றும் சொல்லிவிட்டுப் போனார். அப்படியே இருந்தாலும் தவறில்லை. நூலகர் படிப்பதும் படிப்புதானே.

நான்காம் தொகுதியை நாலு நாள் படித்தவர் யார் என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. யாராக இருந்தாலும், அவருக்கு என் நன்றி.