சாம்பிராணிப் புகை போட்ட நாய்க்குட்டிகள்

யுத்த காலத்தில் நடந்தது இது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய வருஷம். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு. கொஞ்சம் நெல் வயல், இரண்டு மாடு. என் வீட்டுக்காரர் பெரம்பூர் பட்டறை வேலைக்குக் காலையில் ரயில் ஏறினால் இருட்டித்தான் வருவார். பகலெல்லாம் நானும் அத்தையும்தான். அத்தை என்றால் என் மாமியார்.

பட்டணத்திலிருந்து ஓடி வந்த குடும்பம் ஒன்று பக்கத்து வீட்டில் குடியிருந்தது. கூடவே ஒரு செவலை நாயும் வந்திருந்தது. பயம் தெளிந்ததும் அவர்கள் திரும்ப வண்டி கட்டினார்கள். நாயைப் பிறகு ஆள் அனுப்பிக் கூட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆளும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. நாய் மட்டும் தினம் தெருமுனைக்குப் போய், ஸ்டேஷன் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெயில் சாய்ந்ததும் எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு வந்து படுத்துக்கொள்ளும். அது சினையாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த நாயைக் கண்டாலே ஆகாது. அதன் வயிற்றைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வரும். நான்கு மாதத்துக்கு முன்னால்தான் நான் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப் பறிகொடுத்திருந்தேன். மூன்றே நாள் இருந்தாள். எங்களில் பதினோராம் நாள்தான் பேர் வைப்பது. அதனால் அவளுக்குப் பேர்கூடக் கிடையாது. வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. பேரில்லாதவளை என்னவென்று சொல்லிப் பேசுவது?

ஒருநாள் அந்த நாய் கொட்டகை மண்ணைப் பறண்டிப் பறண்டிப் பள்ளம் செய்துகொண்டிருந்தது. மடியில் பால் கட்டிவிட்டது. பறண்டுவதும், சுற்றி வருவதும், மறுபடி பறண்டுவதுமாக ஒரே தவிப்பு. நான் சாணி அள்ளப் போனவள், கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அடி பாவி, உனக்கும் யாரும் இல்லையா என்று தோன்றியது. அன்றோடு என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

அதற்குப் படுக்கை செய்ய வேண்டும். வைக்கோல் இருக்கிறது. துணிக்கு எங்கே போவது? யுத்தத்தில் துணிக்கு அப்படி ஒரு பஞ்சம். கிழிந்த கோணியைக்கூட யாரும் சும்மா தரமாட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் பழந்துணி இருந்தது. என் டிரங்குப் பெட்டியில்.

பிறக்கிற பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்பார்கள். நாலு பிள்ளை பெற்று நல்லபடியாக வளர்த்த வீடுகளில் கேட்டு, நைந்த வேட்டியாக வாங்கி வந்து, துவைத்து மடித்து வைப்பார்கள். எனக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவம் புகுந்த வீட்டிலேயே என்றாகி, அத்தைதான் மாங்காடு வரைக்கும் நடந்துபோய் ஐந்து வீட்டில் வாங்கி வந்தார். மூன்று நாளில் எவ்வளவு துணி செலவாகும்? மீதியெல்லாம் அப்படியே மடித்தபடி இருந்தது. அதோடு வசம்பு, ஆமணக்கெண்ணெய், சுக்கு, ஒரு பொட்டலம் சாம்பிராணி.

நான் பெட்டியைத் திறந்ததும் அத்தை ஓடி வந்தார்.

"இன்னாடி பண்றே? நாய்க்கா அந்தத் துணி? அடுத்ததுக்கு வேணாமா?"

"அடுத்தது வரட்டும் அத்தே. வந்தப்புறம் பாத்துக்கலாம். இது இன்னிக்கோ நாளைக்கோன்னு கீது."

வேறு நாளாக இருந்தால் என் வாய்க்கு நல்ல வசவு கிடைத்திருக்கும். அன்று அத்தை திரும்பி உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு கோணியைக் கொண்டுவந்து கொட்டகையில் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வைக்கோல் பரப்பி, கோணி விரித்து, அதன்மேல் வேட்டித் துண்டுகளைப் போட்டேன். கத்தரிக்கோல், நூல்கண்டு, தண்ணீர்ச் சட்டி, வெல்லம் போட்ட கஞ்சி என்று எல்லாம் தயார். ஓர் ஆளுக்குப் பிரசவம் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். வேறு எனக்கு என்ன தெரியும்?

மறுநாள் காலையில் வரிசையாக மூன்று குட்டிகள். கத்தரிக்கோலுக்கும் நூலுக்கும் வேலையே வைக்கவில்லை அந்தத் தாய். எல்லாவற்றையும் வாயாலேயே முடித்துக்கொண்டு, நக்கி நக்கிப் படுத்துக் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் எழுந்து வெளியே போனது. அதுதான் சமயம் என்று நான் இறங்கினேன்.

நனைந்த வைக்கோலையும் துணியையும் வாரிக் குப்பைக்குழியில் போட்டேன். வெந்நீரில் மஞ்சள் கலந்து குட்டிகளை ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டினேன். காலை நீட்டி, காலின் மேல் போட்டு, பச்சைப்பிள்ளைக்கு ஊற்றுவது போலவே ஊற்றினேன். துவட்டி, ஆமணக்கெண்ணெய் தடவி, தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டினேன். நெற்றியில் ஆளுக்கொரு மைப்பொட்டு வேறு! இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான்கு மாதமாகச் சும்மா கிடந்த கைகளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

நாய் திரும்பி வந்தது. குட்டிகளை மோந்து பார்த்தது. சட்டென்று பின்வாங்கியது. மறுபடி கிட்டே வந்து மோந்தது. உறுமியது. நான் ஒரு குட்டியை எடுத்து அதன் மடியருகே வைத்தேன். நாய் திரும்பிப் பார்க்காமல் தெருப்பக்கம் போய்விட்டது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. வரவில்லை. குட்டிகள் கத்திக் கத்தி ஓய ஆரம்பித்தன. பாலில் துணியை நனைத்து வாயில் வைத்தேன். ஒன்றும் குடிக்கவில்லை. உடம்பு சில்லிட்டுக்கொண்டு வந்தது. என் கை பட்டால் எதுவும் தங்காது, அதுதான் நிஜம், ஊரில் முதுகுக்குப் பின்னால் பேசுவது சரிதான் என்று கொட்டகையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

தினமும் எங்கள் வீட்டில் கழுநீர் எடுத்துப் போக ஒரு பெண் வருவாள். எங்கள் வயலில் நாற்று நடுகிறவள். வீட்டில் ஆடு வளர்த்தாள். அன்று குடத்தோடு பின்பக்கம் வந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாமா, மாட்டுக் கொட்டாயில சாம்பிராணி வாசன வருது?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"தாயோட வாசன குட்டி மேல இல்லன்னா, எம்புள்ளன்னு அதுக்கு எப்டிமா தெரியும்? ஆட்டுக்குட்டிய மழத்தண்ணில நனச்சுட்டாக்கூட சில ஆடு சேத்துக்காது. அந்த வைக்கோலு எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்."

போய் எடுத்து வந்தாள். ஆனால் கொட்டகை வாசலில் நின்றுவிட்டாள். அவர்கள் ஜனத்தார் எங்கள் கொட்டகைக்குள் வரும் வழக்கம் அப்போது இல்லை. சத்தம் கேட்டு அங்கே வந்திருந்த அத்தையின் முகத்தை அவள் பார்த்தாள்.

"போடி உள்ள! நின்னுகினு கீறா பாரு" என்றார் அத்தை.

உள்ளே வந்தவள் எண்ணெய் போகச் சாம்பலைத் தூவிக் குட்டிகளைத் துடைத்தெடுத்தாள். பிறகு அந்த அழுக்கு வைக்கோலாலும் துணியாலும் தலை முதல் வால் வரைக்கும் அழுத்தித் தேய்த்தாள். நான் போட்ட மைப்பொட்டு, மஞ்சள் எல்லாம் போய்விட்டது. "நீ போய் நாயக் கூட்டிகினு வா. சீக்கிரம்" என்று என்னை விரட்டினாள்.

நாய் வழக்கமான இடத்தில்தான் இருந்தது. ஸ்டேஷன் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. மடியிலிருந்து பால் சொட்டி மண் நனைந்திருந்தது. கூப்பிட்டேன், வரவில்லை. யார் பார்த்தால் என்ன என்று அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவங்க வரமாட்டாங்கடி. போனவங்க போனவங்கதான். நானும் தினம் பாத்துகினுதான் கீறேன். ஊட்டுக்கு வாடி, உம்புள்ளைங்க உயிரோட கீது" என்றேன்.

அதற்கு என்ன புரிந்ததோ. நான் எழுந்து நடந்தபோது பின்னாலேயே வந்தது.

கொட்டகையில் குட்டிகளை மோந்தது. முதல் குட்டியை நெடுநேரம் மோந்தது. பிறகு நாக்கை நீட்டி ஒரு தடவை நக்கியது. இன்னொரு தடவை. அப்படியே சரிந்து படுத்து மூன்றையும் முகத்தாலேயே மடிக்குத் தள்ளிக்கொண்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வாய மூடிகினு இர்மா, அது பயந்துக்கும்" என்று அந்தப் பெண் அதட்டும் அளவுக்கு அழுதேன். அத்தை கதவில் சாய்ந்து நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று குட்டிகளும் பிழைத்துக்கொண்டன.

நான் அன்று நாய்க்காக மட்டும் அழவில்லை. பிரசவித்ததும் எனக்குக் கடுமையான ஜுரம். என் மகளை எடுத்துப்போய்க் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புகை காட்டித்தான் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்று நாளில் இரண்டு தடவை. யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாரும் பிரியத்தோடுதான் செய்தார்கள், நான் அந்தக் குட்டிகளுக்குச் செய்தது போலவே.

பின்னால் எனக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இரண்டு தடவையும் மருத்துவச்சியிடம் சண்டை போட்டு, தண்ணீர் காட்டுவதற்கு முன்னால் அழுக்கோடு அழுக்காகக் கையில் வாங்கி மோந்து பார்த்தேன். அந்த வாசனை இந்த வயதிலும் எனக்கு மறக்கவில்லை. என் மகளை நினைத்தால் மட்டும் சாம்பிராணி வாசனைதான் வருகிறது. அதற்கு அடியில் அவளுடைய வாசனை என்னவாக இருந்திருக்கும் என்று நான் இன்னமும் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.