பலகார டின்னுக்குள் ஜனாதிபதி

போன வெள்ளிக்கிழமை நயாகரா எல்லையில் ஒரு அமெரிக்க அதிகாரி என்னுடைய பத்திரிகைப் பத்தியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இத்தனை கவனமாக என் எழுத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை!

அது அங்கே எப்படிப் போனது? சொல்கிறேன்.

அதற்கு முந்திய கிழமை பேப்பரில் இதே இடத்தில் நான் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லைக்குத் தெற்கே இருக்கும் அமெரிக்க ஜனாதிபதி போர் நடத்தும் விதத்தைப் பற்றி. குண்டு போடச் சொல்லிக் கையெழுத்து வைக்கிறவர், அது விழுகிற வீதியில் பால் வாங்கப் போன மனுசியைக் கொஞ்சமாவது யோசித்தாரா என்று கேட்டிருந்தேன். மெதுவாகக் கேட்கவில்லை. சூடாகத்தான் கேட்டேன்.

பேப்பர் கடைகளுக்கு வந்த அன்றே போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. மிசிசாகாவிலிருந்து ஒரு வாசகர் — "தங்கச்சி, சண்டை நடக்கிற நேரத்தில ஒரு நாட்டுத் தலைவரை உப்பிடிக் கிழிக்கலாமோ? எல்லாம் முடிஞ்சாப் பிறகு எழுதுங்கோவன்."

முடிந்த பிறகா? முடிந்த பிறகு யாருக்காக எழுதுவது, அண்ணை? செத்தவர்கள் பேப்பர் வாசிப்பதில்லையே...

சண்டை நேரத்தில் கேள்வி கேட்காதே — இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அன்றைக்கு ஊரில் எங்கள் தலைக்கு மேலே குண்டு விமானம் சுற்றியபோது நாட்டின் தலைநகரில் இருந்த நல்ல மனிதர்கள் பலர் வாயே திறக்கவில்லை. திறந்த சிலரைத் துரோகி என்றார்கள். பங்கருக்குள், அந்தப் பதுங்குகுழிக்குள், குந்தியிருந்த எனக்கு அந்தச் சிலர் எவ்வளவு பெரிய ஆட்கள், தெரியுமா? இன்றைக்கு வேறொரு ஊரில் வேறொரு பிள்ளை அப்படிக் குந்தியிருக்கிறது. நான் இங்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில், என் வீட்டில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, பார்த்துப் பார்த்து மரியாதையாக எழுத வேண்டுமா? முடியாது!

சரி, இது என் நியாயம். என் கணவரின் கவலை வேறு.

நியூ ஜேர்சியில் இருக்கும் அவருடைய ஒரே தங்கையின் மகளுக்கு அந்தச் சனிக்கிழமை சாமத்தியவீடு, அதுதான் பூப்புனித நீராட்டு விழா. பிள்ளைக்கு இவர் ஒருவர்தான் தாய்மாமன். மாமன் தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்க்காமல் சடங்கு எப்படித் தொடங்கும்?

இவருக்கு வேலை பிறம்ரனில், ஒரு லொறிக் கம்பனியில். எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதைகளை நாள் முழுக்கக் கேட்கிற மனிதர்.

"இஞ்சாரும், போனை வாங்கிப் பாப்பாங்களாம். உம்மட எழுத்தைக் கண்டாங்களெண்டால் எங்களைத் திருப்பி விட்டிடுவாங்கள். நான் தங்கச்சிக்கு என்ன சொல்லுறது? அதை அழிச்சு விடுமன்."

"எழுதினதை அழிக்க மாட்டன்."

"அப்ப போனில இருந்தாவது எடும்."

அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்து இறங்கி வந்தேன். "போனில இருக்கிறதை எடுங்கோ. ஆனா ஆரும் நேர கேட்டால் பொய் சொல்ல மாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"ஆர் உம்மை வந்து கேக்கப்போகினம்?"

என் போனை அவர் துடைத்துக் கழுவி வைத்தார். கட்டுரை போச்சு, முகநூல் போச்சு, என்னவோ தெரியாது, என் சமையல் குறிப்புகளும் போச்சு! அந்தக் கையோடு பலகாரமும் கட்டினார். மாமன் வீட்டுத் தட்டு அல்லவா? பயற்றம் பணியாரம், சிப்பி, முறுக்கு எல்லாம் நான் சுட்டேன். டின்னில் அடுக்கியது அவர்.

எங்கள் வீடுகளில் பலகாரம் எப்படி அடுக்குவோம்? அடியில் எண்ணெய் குடிக்கப் பழைய பேப்பர். அதன்மேல், மை ஒட்டாமலிருக்க, மெல்லிய ஒயில் பேப்பர். அதன்மேல் பலகாரம். எந்தப் பழைய பேப்பர்? குசினி வாசலில் குவிந்து கிடக்கிறதே... எழுதுகிறவள் என்று எனக்கு இலவசமாக வருகிற பேப்பர்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். எங்களுக்கு எல்லையில்தான் விளங்கியது.

போனை யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டுச் சாமான் ஏதும் உண்டா என்றுதான் அந்த அதிகாரி கேட்டார். தங்கை மகளின் விழாவுக்குப் பலகாரம் என்று சொல்லி, எங்கள் வான் வண்டியின் பின்கதவைத் திறந்தோம். முறுக்கு டின்னில் ஒயில் பேப்பரைப் பலகாரத்தோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்தார் அந்த அம்மணி. கீழே ஜனாதிபதி! முகத்தில் எண்ணெய் ஊறி, அரைப் பக்கப் படமாக. பக்கத்தில் என் பத்தி. அதற்கு மேலே சிரித்துக்கொண்டு நான்.

அவர் அந்தத் தாளை உருவி எடுத்தார். "இது எங்கள் ஜனாதிபதி அல்லவா? என்ன எழுதியிருக்கிறது?"

"அது வந்து..." என்று தொடங்கினேன். டின் மூடியைத் தேடுவதுபோலக் குனிந்தேன். வாராவாரம் வீரம் பேசுகிற நான்! பட்டுச் சேலை கட்டி மாமனைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகும் அந்தப் பிள்ளைதான் கண்ணுக்குள் நின்றாள்.

அப்போது பக்கத்தில் ஒரு குரல், ஆங்கிலத்தில் — "உங்கள் ஜனாதிபதி செய்வது பிழை என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் இவர். என் மனைவி. ஒவ்வொரு கிழமையும் எழுதுகிறவர்."

என் கணவர்!

"கடுமையாக எழுதியிருக்கிறாரா?"

"மிகக் கடுமையாக," என்றார் இவர். என்னவோ பரிசு வாங்கின பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

அதிகாரி என் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பழைய படம்போல," என்றார். (ஆசிரியர் கவனிக்க.) பிறகு எங்கள் பாஸ்போட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் வானுக்குள் காத்திருந்தோம். இவருடைய கையைப் பிடித்தேன்.

கடைசியில் வந்தார். பாஸ்போட்டுகளை நீட்டினார். பேப்பரையும்தான்! "விழாவுக்குப் பிந்திவிடாதீர்கள்," என்றார். அவ்வளவுதான்.

எல்லைப் பாலத்தை விட்டு வெகுதூரம் வந்த பிறகுதான் கேட்டேன். "ஏனப்பா சொன்னனீங்கள்?"

"நீர் பொய் சொல்ல மாட்டன் எண்டு சொன்னனீர். அப்ப நான் மட்டும் சொல்லலாமோ?"

இத்தனை வருஷ எழுத்தில் எனக்கு அன்றைக்கு வந்த பெருமை ஒருநாளும் வந்ததில்லை.

சனிக்கிழமை மாமன் ஒரே அடியில் தேங்காயைப் பிளந்தார். மருமகளுக்குத் தண்ணீர் வார்த்தார். அவருடைய தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் மண்டபத்தின் ஒரு மூலையில் இவரைக் கண்டேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணெய்ப் பேப்பரை எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். என் பத்தியை ஒருநாளும் முழுதாக வாசித்திராத மனிதர்! கடைசி வரிவரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னப்பா, இவ்வளவுதானோ எழுதினனீர்? இதுக்கோ நான் உப்பிடிப் பயந்தனான்? இன்னும் கொஞ்சம் கடுமையா எழுதியிருக்கலாமே!"

மிசிசாகா அண்ணை... கேட்டுதோ?