மாமாவுக்குச் சலம் போகேல்லை

படகு எஞ்சின் திருத்துகிறவன் கடலைக் காண்பது குறைவு. பாதி நாள் அவன் கண்ணுக்குத் தெரிவது உள்ளங்கை அகல ரப்பர் துண்டு ஒன்றுதான். அதன் பெயர் இம்பெல்லர். ஆறு இதழ் வைத்த ரப்பர் சக்கரம். எஞ்சினின் அடிப்பக்கத்தில் இருந்து சுழன்று, கடல்தண்ணீரை மேலே இழுத்து எஞ்சினைக் குளிரப்பண்ணி, பின்னால் ஒரு சின்னத் துளையால் பீச்சி அடிக்கும். அந்தப் பீச்சல் நின்றால் எஞ்சின் சூடேறும். சூடேறினால் இறுகும். இறுகினால் எனக்கு ஃபோன் வரும். சோற்றில் கை வைத்தவுடன் ஃபோன் அடிக்கிற தொழில் எதையாவது நீங்களும் செய்கிறீர்களென்றால், நெல்லியடியில் கடை வைத்திருக்கிற என்னுடைய பாடு உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

சீதனமாக வந்த மாமா

தொண்டைமானாற்றுக் குகன் கலியாணம் முடித்து மூன்றாம் மாதம் என்னிடம் வந்தான். அவனுடைய மாமனார் வேலாயுதம் ஐயா காலமெல்லாம் கடலுக்குப் போனவர். மகளுக்குச் சீதனமாக வீட்டோடு ஒரு புது எஞ்சினும் கொடுத்திருந்தார். குகன் அந்த எஞ்சினுக்கு வைத்த பெயர் 'மாமா'. கொஞ்ச நாளில் கரை முழுக்க அதையே சொல்லத் தொடங்கிவிட்டது. "மாமா இண்டைக்கு இருமுறார்" என்பார்கள். பின்னால் பீச்சுகிற தண்ணீருக்கும் பெயர் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மூத்திரத்தைக் கொஞ்சம் மரியாதையாகச் சலம் என்போம். தண்ணீர் ஒழுங்காகப் பீச்சினால், "மாமாவுக்குச் சலம் நல்லாப் போகுது." அசல் மாமா பக்கத்தில் இருந்து வலையைச் சிக்கெடுத்தபடி, வந்த சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொள்வார்.

குகனின் மனைவி சுகந்திக்குத்தான் இது அறவே பிடிக்காது. நான் முற்றத்தில் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணை, சந்தையிலை சனம் என்னட்டை அப்பாவுக்குச் சுகமில்லையோ எண்டு கேக்குது. மற்றதுகளைப் பிறகு கழட்டலாம், முதல்லை உந்தப் பேரைக் கழட்டி விடுங்கோ."

ஒரு நிமிடப் பெருமை

கொக்குவிலில் இருந்து குகனின் சிநேகிதர்கள் வந்தார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். கொக்குவிலில் ரயில் போகும், படகு போகாது, ஆசைப்பட்டதில் பிழையில்லை. கரையில் மரச்சட்டத்தில் மாட்டியிருந்த எஞ்சினை, சொட்டுத் தண்ணீர் இல்லாமல், குகன் முறுக்கி ஓடவிட்டுக் காட்டினான். தண்ணீரில்லாமல் ஓடினால் இம்பெல்லர் ஒரு நிமிடம் தாங்குவதே பெரிய காரியம். நான் போய்த் திறந்தபோது கருகின ரப்பர் மணம். ஐந்து இதழ்கள் துண்டு துண்டாக வந்தன. ஆறாவதைக் காணவில்லை. அதை உள்ளே விட்டுவிட்டுப் புதியதைப் போட்டால், அந்தத் துண்டு குழாயை அடைத்து நடுக்கடலில் காலை வாரிவிடும். குழாயைக் கழற்றி ஊதி ஊதி அதை எடுக்க எனக்கு வாய் வீங்கிவிட்டது.

வேலாயுதம் ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றார். அன்றுவரை மருமகனை "அவன், இவன்" என்று உரிமையோடு சொன்னவர், அவன் முன்னால் நிற்கவே என் பக்கம் திரும்பினார். கோபத்தில் 'அவன்' மரியாதையான 'உவர்' ஆகிவிட்டான். "தம்பி, உவருக்குச் சொல்லும். தாகம் மனிசருக்கு மட்டுமில்லை."

நடுவில் நான்

அன்றிலிருந்து மாமனார் மருமகனோடு கதைப்பதில்லை. ஒரே வீடு, ஒரே சட்டிச் சோறு, கதை மட்டும் இல்லை. வீட்டில் சுகந்தியும் கரையில் நானும் தபால்காரர்கள். "உவருக்குச் சொல்லும், மணல் திட்டிக்குக் கிட்டவா ஓடினால் ரப்பர் தேயும்" என்பார் ஐயா. மூன்று முழத் தூரத்தில் நிற்கிற குகன், "அண்ணை, ஓமெண்டு மாமாவிட்டைச் சொல்லுங்கோ" என்பான்.

ஒருநாள் புது இம்பெல்லர் போட்டுப் பூட்டி ஓடவிட்டேன். சொட்டும் பீச்சவில்லை. இம்பெல்லரைத் தண்டோடு பிடித்து வைக்கிற சின்ன இரும்பு ஆப்பைப் போட மறந்துவிட்டேன். அது என் தேத்தண்ணிக் கோப்பைத் தட்டில் கிடந்தது. அதைக் கண்டு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பிறகு கோபம் நினைவுக்கு வர, ஒருவர் கிழக்கையும் மற்றவர் மேற்கையும் பார்த்தார்கள். ஐயா போனபின் குகன் மெதுவாகச் சொன்னான்: "ரெண்டு அடி போட்டாலும் வாங்கியிருப்பன் அண்ணை. உந்தச் சும்மா இருக்கிறதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு."

கம்பி வைத்தியம்

ஒரு காலை, பிட்டைக் குழைத்து முதல் வாய் வைத்திருப்பேன், குகனின் ஃபோன். "அண்ணை, மாமாவுக்கு விடியத் துவக்கம் சலம் போகேல்லை. சூடாயும் இருக்கிறார்."

இதை நூறு தரம் கேட்டவன் நான். பிட்டை விழுங்கிக்கொண்டே சொன்னேன்: "பயப்பிடாதையும். மணல் அடைச்சிருக்கும். மெல்லிய கம்பி ஒண்டை ஓட்டைக்குள்ளை விட்டுக் குத்திப் பாரும்." "கம்பியோ?" என்றான் குகன். விளங்கவில்லையாக்கும் என்று தொடர்ந்தேன்: "அதுக்கும் வராட்டி அடிப்பக்கத்தைக் கழட்டி வையும், நான் வாறன்." மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு குகன் சொன்னான்: "அண்ணை, நான் சொல்லுறது சுகந்தியின்ரை அப்பாவை."

ஆஸ்பத்திரி வாசலில்

எஞ்சின் ஏற்றுகிற என் வான் வண்டியிலேயே ஐயாவை ஏற்றினோம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். ஒவ்வொரு குழிக்கும் குகன் அவரைத் தன்னோடு அணைத்துப் பிடித்தான். அப்போதும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே கொண்டுபோனபின் நான் வாசலில் நின்றேன். உண்மையில் பயந்துபோனேன். இந்த மனிதர் கதைக்காமலே கண்ணை மூடிவிட்டால், குகன் அதைச் சாகும்வரை சுமப்பான்.

வெகுநேரம் கழித்துக் குகன் வந்தான். குழாய் போட்டுச் சலத்தை எடுத்துவிட்டார்களாம், இனிப் பயமில்லையாம். "உம்மோடை கதைச்சவரோ?" என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினான். எனக்கு மனம் விழுந்துவிட்டது. ஆனால் அவன் முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர். வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எங்கள் ஊரில் சாதாரணமாக உரையாடினால் அது கதைப்பது, பேசுவதென்றால் திட்டுவது. குகன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "கதைக்கேல்லை அண்ணை, பேசினவர். 'மடையா, தொழிலுக்குப் போகாமல் இஞ்சை என்ன செய்யிறாய்' எண்டு, நேர்ஸ்மாருக்கு முன்னாலை, நல்லாப் பேசினவர்."

இந்தத் தொழிலில் நான் வாங்கிக் கட்டிய பேச்சுக்குக் கணக்கில்லை, ஆனால் தனக்குக் கிடைத்த பேச்சைக் கற்கண்டு மாதிரி ஒருவன் எனக்கும் பங்கு தந்தது அந்த ஒரு நாள்தான்.