இரும்புப் பீரோவில் ஒட்டிய துணி எழுத்துகள்

கஞ்சியில் முக்கியெடுத்த துணியின் மேல் கரி இஸ்திரிப்பெட்டி ஏறும்போது ஒரு வாசனை கிளம்பும். அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டதோ என்று எட்டிப் பார்க்க வைக்கும் அந்த வாசனைதான், தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை முழுக்க, செங்கல்பட்டில் எங்கள் வீட்டை நிறைத்திருந்தது. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். மெஷினுக்கு அடியில் மிஞ்சிய "பிட்டு" துணிகள் ஒரு கோணி நிறையக் கிடக்கும். வழக்கமாக அவை தலையணைக்குள் போகும், இல்லையென்றால் அத்தாவின், அதாவது அப்பாவின், சைக்கிளைத் துடைக்கப் போகும். அந்தக் கோடையில் மட்டும் எழுத்துகளாயின.

காரணம் என் தங்கை ஷாகிரா. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை மங்கல். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டும் சிலேட்டில் எழுதியது வெறும் வெள்ளைக் கீறலாகத்தான் தெரியும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, சுவரில் மாட்டியிருந்த அட்டையில் ஓர் எழுத்தைக்கூட அவள் சொல்லவில்லை. அவளைக் குழாயடிக்கு விளையாட அனுப்பிவிட்டு, "இதுக்குப் படிப்பு ஏறாதும்மா, வூட்லயே வெச்சுக்கோ" என்றார் டீச்சர். அம்மா நகரவில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது எல்லா எழுத்தையும் சொன்னால் சேர்த்துக்கொள்வதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் படி இறங்கினார். வீட்டுக்கு வந்ததும் அத்தாவையும் என்னையும் தனியே கூப்பிட்டு, "டீச்சர் சொன்னது அவ காதுல வுழக் கூடாது. கண்ணுதான் மங்கல், மண்டை நல்லாத்தான் கீது" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சே இல்லை.

எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், தடவிப் பார்க்க வர வேண்டும், அவள் முகத்துக்கு நேரே நிற்கவும் வேண்டும். உள்ளங்கை அகலத்தில் துணி எழுத்து, பின்னால் காந்தம், ஒட்டுவதற்கு எங்கள் இரும்புப் பீரோ என்று அம்மா முடிவு செய்தார். காந்தம் தேடி என்னைக் கூட்டிக்கொண்டு, பழைய சாமான் வாங்கி விற்கும் "காயலாங்கடை"க்குப் போனார். கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து வந்த பழைய ஃப்ரிட்ஜ் கதவு ஒன்று அங்கே சாய்ந்து கிடந்தது. அதன் ஓரத்து ரப்பருக்குள் காந்தப் பட்டை ஓடுவதைக் காட்டிய கடைக்காரர், "ஃப்ரிட்ஜே இல்லாம ரப்பர் மட்டும் இன்னாத்துக்கு?" என்று சிரித்தபடி உருவிக் கொடுத்தார். அம்மா பட்டையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் நாளே உட்கார்ந்து உயிரெழுத்து மொத்தத்தையும் வெட்டினார். தைப்பவர்கள் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளிப்பக்கம் கறை படக் கூடாது என்று துணியின் உள்பக்கத்தில்தான் சாக்பீஸ் கோடு போடும். ஜாக்கெட்டுக்கு அது சரி. கஞ்சி போட்டுத் தேய்த்து, பளபளப்புப் பக்கத்தைத் திருப்பிப் பீரோவில் ஒட்டியபோது எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி நின்றது. மூன்று பொத்தான்களை வைத்துத் தைத்த ஆய்த எழுத்து மட்டும் தப்பித்தது. நான் பார்த்துச் சொல்வதற்குள் ஷாகிரா அகரத்தைத் தடவித் தடவி அந்த மாறிய வடிவத்தையே மனதில் ஏற்றிக்கொண்டுவிட்டாள். "இன்னாடி இது, எல்லாம் உல்டாவா கீது" என்று தலையில் கைவைத்த அம்மா, காந்தங்களைப் பிய்த்துவிட்டு மறுபடி கத்தரியை எடுத்தார். அந்த ஒரு அகரத்தை அவளுக்கு மறக்கடிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. விடுமுறை முடிவதற்குள் மற்ற எழுத்துகளும் ஒவ்வொன்றாகப் பீரோவில் ஏறின.

எவர்சில்வர் தட்டில் காந்தம் ஒட்டாது, பீரோவைத் தூக்கிப் போகவும் முடியாது. ஜூனில் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு பள்ளிக்குப் போனார். "இன்னாம்மா, பொட்டியத் தூக்கினு ஸ்கூலுக்கு வந்துகிற?" என்றார் டீச்சர். "அட்டை அவளுக்குத் தெரியாது டீச்சர். இதுல கேளுங்க" என்று அம்மா பெட்டி மூடியில் எழுத்துகளை ஒட்டினார். டீச்சர் வரிசையைக் கலைத்துக் கலைத்துக் கேட்டார். மூக்கு மூடியில் உரச ஷாகிரா சொல்லிக்கொண்டே வந்து, 'ற'வில் நின்றுவிட்டாள். அவள் விரலால் ஒருமுறை வளைவைத் தடவினாள், சொன்னாள். டீச்சர் பெயரை எழுதிக்கொண்டு, முதல் பெஞ்சில் உட்காரச் சொன்னார். பள்ளி வாசலில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தக் கோடை முழுக்க அடக்கி வைத்த அழுகை அது.

காயலாங்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பீரோ துருப்பிடித்துப் போய்விட்டது. அந்தத் துணி எழுத்துகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எங்கள் ஃப்ரிட்ஜில் என் மகன் ஒட்டி வைத்திருப்பவை கடையில் வாங்கிய பிளாஸ்டிக் எழுத்துகள். ஷாகிரா சிறுசேரியில் ஓர் அலுவலகத்தில், திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாள். கேட்டால், "அம்மா வெளாடறதுக்குத் துணியில எழுத்து செஞ்சு குடுத்தாங்க" என்பாள். பள்ளி அவளை வேண்டாம் என்றது அவளுக்கு இன்றுவரை தெரியாது. இத்தனை வருஷமாக நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

இதை எழுதட்டுமா என்று போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர், முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எழுது," என்றார். "இப்போ அவளே படிச்சுக்குவா."