நசீர் கனோவில் வைத்த தெர்மாகோல்

ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பசையின் வாசனை லேசில் போகாது நண்பர்களே. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும், மறுநாள் மீன் குழம்பில் கை வைத்தால் குழம்பே ரெசினாக மணக்கும்.

பல வருஷத்துக்கு முன்னால், முத்தியால்பேட்டையில் நசீர் வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய ஃபைபர் கனோ, துடுப்புப் போடுகிற சின்னப் படகு, கிடந்தது. தெருவே பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர், பிரான்சுக்குக் குடிபோகும்போது விட்டுப் போனது. நானும் நசீரும் ஒரே ஸ்கூல், ஒரே பெஞ்ச். அப்போது எனக்கு டிவி கடையில் வேலை. அவன் அவனுடைய அப்பாவின் சைக்கிள் கடையில்.

கனோவின் இரண்டு முனையிலும் மூடிய அறை மாதிரி இருக்கும். உள்ளே ஃபோம் அடைத்திருப்பார்கள். கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதப்பது அதனால்தான். முன்பக்கம் நன்றாக இருந்தது. பின்பக்கத்து ஃபோம் தண்ணீர் குடித்து, பிழியப் பிழியக் கறுப்பாக ஒழுகியது...

எனக்கோ நீச்சல் தெரியாது. பிறகு கனோ எதற்கு என்று கேட்காதீர்கள், ஆசை. அந்த ஃபோமை நம்பித்தான் ஏறி உட்கார வேண்டும்.

கடையில் டிவி பெட்டிகளோடு வரும் தெர்மாகோல் குவிந்து கிடக்கும். மிதக்கிற சாமான்தானே? ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி. நசீர் தனியாகவே அடைத்து, அசையாமல் இருக்கட்டும் என்று ரெசினையும் தாராளமாக ஊற்றி, மேலே பலகை வைத்து மூடிவிட்டான்.

அடுத்த வாரம் வீராம்பட்டினம் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில் கவிழ்த்துப் பார்த்தோம். முன்பக்கம் மிதந்தது. பின்பக்கம், மூடி இடுக்கில் தண்ணீர் புகுந்து, அப்படியே கீழே போனது.

கரைக்கு இழுத்து மூடியை நெம்பினேன். உள்ளே தெர்மாகோல் ஒரு துண்டுகூட இல்லை. அடியில் பிசின் மாதிரி ஏதோ காய்ந்து கிடந்தது.

"எங்கடா தெர்மாகோல்?"

"வெச்சேன்டா... சத்தியமா வெச்சேன்."

"வெச்சா எங்க போவும்? காக்கா தூக்கினு போச்சா? எனக்கு நீச்சல் தெரியாதுன்னு தெரிஞ்சும் ஏமாத்துறியேடா!"

அவன் உள்ளே கையை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தான். முழித்தான். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. சோம்பல்பட்டு வெறும் ரெசினை ஊற்றி மூடிவிட்டான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

கனோ மறுபடி மூலைக்குப் போனது. கல்யாணம், காதுகுத்து என்று நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் அவன் எதைச் சொன்னாலும் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது.

போன வாரம் மகளுடைய ஸ்கூல் ப்ராஜெக்ட். அவள் தெர்மாகோலில் செய்த லைட்ஹவுசுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். கண்ணெதிரே குழி விழுந்து, கரைந்து, பாதி காணாமல் போனது. மகள் அழுகிறாள். நான் டின்னைப் பிடித்தபடி நிற்கிறேன்... ஃபோனில் தேடினேன். ரெசினும் தெர்மாகோலை இப்படித்தான் தின்னுமாம்.

அன்றைக்குக் கேட்க ஆளில்லை. இன்றைக்கு இரண்டு நிமிஷத்தில் ஃபோன் சொல்லிவிடுகிறது. ஆனால் கூடப் படித்தவனை நம்புவதற்கு ஃபோன் எதற்கு? அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உடனே நசீரைக் கூப்பிட்டேன். "நீ வெச்சதுதான்டா. ரெசின் தின்னுடுச்சு. நாந்தான் தப்பான சாமானக் கொண்டாந்தேன். மன்னிச்சுடுடா."



"நெசமாவாடா? நீ அவ்ளோ அடிச்சு சொன்னதும்... நாந்தான் வெக்க மறந்துட்டேன் போலன்னு நெனச்சுட்டேன்டா. இத்தினி வருசமா."