மச்சானின் குரவை

என் மாமியின் மகன் குரவையிடுவான். மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் அந்த ஒலியை ஓர் ஆண் எழுப்பி நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அவனுக்குக் கைத்தறியில் சாரன் நெய்யும் வேலை. தறியை விட்டு எழுந்தால் கடற்கரைக்குப் போவான். நானும் கூடப் போவேன். கடலைப் பார்த்து நின்று, வயிற்றை உள்ளே இழுத்து, மெல்லத் தொடங்குவான். பிறகு அது ஏறும். கழுத்து, இடுப்பு, கால்விரல் எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் போய்விடும். அந்த நேரத்தில் அவனை ஆண் என்றோ பெண் என்றோ எண்ண எனக்குத் தோன்றியதில்லை.

"இந்தச் சத்தம் வரக்குள்ளதான் மச்சான், என்ட உடம்பு எனக்குப் பொருந்துது" என்று ஒருநாள் சொன்னான். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அந்தப் படிப்பில் இதற்கு ஒரு சொல்லும் இருக்கவில்லை.

கலியாண வீடுகளில் பெண்கள் அவனைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டு வைத்துக்கொள்வார்கள். "இவன்ட நாக்கில பாதிய அறுத்துத் தாங்ககா, என்ட மகளுக்கு வைப்பம்" என்று சிரிப்பார்கள். சந்தியில் நிற்கும் ஆண்கள், "பொண்ணன் போறாண்டா" என்பார்கள். அவன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பான்.

சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை வந்த ஒரு கலியாணத்தில்தான் எல்லாம் கெட்டது. உள்ளே குரவை எழுந்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமன் அசந்துபோய், "ஆரு இந்தப் பொம்புள? நம்மட ஊருக்கும் கூப்பிடோணும்" என்றார். காற்றில் திரை விலகியது. மீசை வைத்த முகம் தெரிந்தது. அவர் அந்த இடத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார் என்னைக் கூப்பிட்டார்.

"பொம்புளகள் கூடுற இடத்தில இனிக் குரவை போட மாட்டன் எண்டு உங்கட மச்சான் ஒரு கடிதம் தரோணும். அவ்வளவுதான். தராட்டி அவன்ட தங்கச்சிட நிக்காஹ்வுக்குப் பள்ளியால ஆரும் வர ஏலா. நீங்கதான் எழுத்துக்காரன், எழுதிக் குடுங்க."

தங்கையின் கலியாணத்துக்கு இரண்டு மாதமே இருந்தது. அவன் உடனே சம்மதித்தான். நான் எழுத உட்கார்ந்தேன்.

ஊரில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். மனு எழுதிப் பழகிய கைக்கு, மரைக்கார் சொன்ன வசனம் மொட்டையாகத் தெரிந்தது. வாக்கு எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பார்கள் என்றும் நினைத்தேன். 'இனி ஒருபோதும், எவ்விடத்திலும், எவர் முன்னிலையிலும், தனிமையிலும்கூட' என்று எழுதினேன். வாசித்துக் காட்டினேன்.

"தனியாவுமா?" என்று கேட்டான்.

"அப்பதான் மச்சான் எழுத்து நிறைவா இரிக்கும்."

"நீ எழுதினாச் சரியாத்தான் இரிக்கும்" என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டான்.

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அதைப் பள்ளிவாசலில் வாசித்தார்கள். தமிழ் நன்றாக இருக்கிறதென்று இரண்டு பேர் என் கையைப் பிடித்தார்கள். அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவன் கடற்கரைக்கு வரவில்லை. ஒருநாள் நானே இழுத்துக்கொண்டு போனேன். ஒரு வள்ளமும் ஆளும் இல்லாத நேரம்.

"போடு மச்சான். ஆருக்குக் கேக்கப் போகுது?"

"அல்லாஹ்வுக்குக் கேக்கும்தானே. பள்ளிக்குள்ள வாசிச்ச வாக்கு."

மரைக்காரிடம் ஓடினேன். "நாங்க கேட்டது அவ்வளவில்ல தம்பி. கூடக் குடுத்தது நீங்க. வாசிச்ச வாக்க நான் எப்பிடி வெட்டுற?" என்றார். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது.

தங்கையின் கலியாணம் வந்தது. அவளுக்கென்று கட்டிய வீட்டுக்கு அவனே சுண்ணாம்பு அடித்திருந்தான். பந்தலில் அவன் பாய் விரித்துக்கொண்டிருந்தான். மரைக்கார் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை கூட்டம் தெருமுனையில் தெரிந்தபோது மாமி முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மனே, தங்கச்சி உள்ளுக்கு அழுறாள். அவள்ட காக்கா நீ குரவை போடாட்டி எழும்ப மாட்டாளாம். ஒருக்காப் போடு."

"எழுதிக் குடுத்திட்டன் உம்மா."

மாமி என் பக்கம் திரும்பினார். "மருமகன், நீதானே படிச்சவன். போடலாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நீ சொன்னாப் போடுவான்."

அவன் பாயைப் பிடித்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மரைக்காரும் பார்த்தார்.

"மாமி, மாப்பிள வந்திட்டாரு" என்றேன்.

மாமி உள்ளே போனார். பெண்கள் குரவையிட்டார்கள். அது பாதியில் உடைந்தது, யாரோ சிரித்தார்கள், மறுபடி தொடங்கி நின்றுவிட்டது. அவன் கடைசிப் பாயை விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

அந்தத் தங்கை அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. அவன் கதைத்தான். எப்போதும் போலவே கதைத்தான்.